பீரோ இருந்த இடம்

ஜனவரி 4, ஞாயிறு

புது டிவி வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் லோகு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. வயரிங் வேலை பார்க்கும் சபரி அண்ணன் வந்து மாட்டினார். எங்கே மாட்டுவது என்பதிலேயே பாதிப் பகல் போனது.

பள்ளிபாளையத்தில் எங்களுடையது லைன் வீடு. முன்னறை ஒன்றுதான் கொஞ்சம் பெரியது. அதில்தான் அம்மாவின் கட்டில் கிடக்கிறது. கட்டிலுக்கு எதிர்ச்சுவர் தறிக்கூடத்தோடு ஒட்டியது. தறி ஓடும்போதெல்லாம் அதிரும். ஆணி அடித்தால் ஒரு வாரத்தில் கையோடு வந்துவிடும். அதனால் அந்தச் சுவரில் காலண்டர்கூட மாட்டுவதில்லை. அம்மா சீராகக் கொண்டுவந்த, கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த பீரோ மட்டும் அங்கே நிற்கிறது. அதுவும் தறியோடு சேர்ந்து நடுங்கும்.

"கட்டிலை அக்கட்டால நகத்திப் போட்டா டிவிய வேற பக்கம் பாக்கலாமுங்க" என்றார் சபரி அண்ணன்.

"நகத்துனா பக்கவாசல் அடைச்சுக்கும். அவளுக்குத் தண்ணி எப்படி மொண்டாறது? உன்ற தலைமேலயா?" என்றார் அத்தை. அப்பாவின் அக்கா, அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் காங்கேயத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார்.

கடைசியில் கட்டிலை ஒட்டிய சுவரிலேயே, அம்மாவுக்கு நேர் மேலே, உயரத்தில் மாட்டினார்கள். சுவிட்ச் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. டிவி தலையில் ஒரு சின்ன கேமராவும் வைத்தார்கள். இனி அண்ணன் பேசும்போது அண்ணனை நாங்களும், எங்களை அண்ணனும் பார்க்கலாம்.

மருந்துக்கடையில் கொடுத்த டைரி இது. அம்மாவுக்கு மாத்திரை வாங்குகிறவர்கள் என்று கொடுத்தார்கள். ஆடி மாதத்தில் அம்மாவுக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் வராது. பேச்சும் போய்விட்டது. 'தா' என்ற ஒரு சத்தம் மட்டும் மிச்சம் இருக்கிறது. பசித்தாலும் வலித்தாலும் கூப்பிட்டாலும் அதுதான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டேன். எல்லாரும் பாவம் என்கிறார்கள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அந்தத் தொல்லை இனி இல்லை.

இரவு சாப்பிட்டுவிட்டு நாங்கள் பீரோவுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். படம் அவ்வளவு தெளிவு. அம்மா மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி பீரோவையே பார்த்தாள்.

"அத்தனை பெரிய டிவிய உட்டுப்போட்டு சீர் பீரோவப் பாக்கறா பாரு. எங்க நான் தூக்கீட்டுப் போயிருவனோன்னு பயம்" என்றார் அத்தை.

அப்பா சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

ஜனவரி 6, செவ்வாய்

அம்மாவின் துணி அலசினேன். மிளகாய் காயப்போட்டேன். மத்தியானம் டிவியில் காமெடி ஓடியது. அம்மா பீரோப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் திடீரென்று சிரித்தாள். சத்தத்தைக் கேட்டுச் சிரித்திருப்பாள். ஆனால் அந்த இடத்தில் பேச்சே இல்லை. ஒருவர் வாழைத்தாரோடு வழுக்கி விழுந்தார், அவ்வளவுதான்.

ஜனவரி 9, வெள்ளி

சமையலறையில் பால் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா 'தா, தா, தா' என்று ஒரே சத்தம். என்னவோ என்று ஓடிவந்து துணியைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பிப் போவதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அத்தை திட்டினார்.

ஜனவரி 11, ஞாயிறு

அண்ணன் டிவியில் வந்தான். சுவரில் பாதி அளவுக்கு முகம். தாடி வைத்திருக்கிறான். "தாரணி, இளைச்சுப் போய்ட்டியே புள்ள" என்றான். நான் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கேமராவைப் பார்த்து எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

அண்ணன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டான். அம்மா டிவியைத் திரும்பியே பார்க்கவில்லை. பீரோப் பக்கமே பார்த்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்குங்கப்பா அம்மா அந்தப் பக்கமே திரும்பிக்குது? எம்மேல கோவமா?" என்றான் அண்ணன்.

"கோவம் வந்தாத்தான் பரவால்லியே சாமி" என்றார் அத்தை. "வாதத்துல கண்ணுல தண்ணி வடியும். அது அழுகையில்ல."

அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டேன். என் சடை நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

ஜனவரி 14, புதன், போகி

வெள்ளையடித்தோம். பீரோவை நானும் அப்பாவும் சபரி அண்ணனும் உள்ளறைக்குள் தள்ளினோம். சுவர் காய்ந்த பிறகு திருப்பி வைக்கலாம் என்றார் அப்பா. அத்தை வேண்டாம் என்றார். "இங்க வெச்சா ராத்திரியெல்லாம் கிடுகிடுன்னு ஆடுது. கண்ணைக் கொண்டுபோய்ச் சேத்த முடியறதில்ல. பொங்கலுக்கு ஒறம்பரைக வந்தாலும் உக்கார எடம் வேணுமில்ல." சரிதான். சாவியை அத்தையே இடுப்பில் செருகிக்கொண்டார்.

முன்னறை பெரிதாகத் தெரிகிறது. பீரோவின் நான்கு கால் நின்ற இடத்தில் நான்கு துருத் தடம். தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மா இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

ஜனவரி 17, சனி

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. டிவி போட்டால் முனகுகிறாள். கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். பாட்டு வைத்தாலும் அப்படி, சாமி வைத்தாலும் அப்படி. இடது கையைத் தூக்கி எதிர்ச்சுவரைக் காட்டிக் காட்டிக் கத்துகிறாள். அங்கே ஒன்றும் இல்லை. வெள்ளையடித்த சுவர்தான். பல்லியாவது இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

"வெறுஞ்செவுத்தக் காட்டறா" என்றார் அத்தை, அப்பாவிடம் மெதுவாக. "டாக்டர் அன்னைக்கே சொன்னாரில்ல தம்பி, போகப் போக ஆளு மட்டுத் தெரியாமப் போயிரும்னு."

டிவியை நிறுத்தட்டுமா என்று கேட்க நினைத்தேன். அம்மாவுக்காகத்தானே அண்ணன் வாங்கியது. தனியாகக் கிடக்கிறாளே என்று எல்லாரும் சேர்ந்து சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம்.

ஜனவரி 18, ஞாயிறு

அண்ணன் வந்தான். அம்மா கத்தினாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சுவரைக் காட்டினாள். திரும்பவும் கத்தினாள். அண்ணன் சீக்கிரம் வைத்துவிட்டான்.

அப்புறம் அத்தையின் போனில் அப்பாவிடம் பேசினான். அத்தை ஸ்பீக்கரில் போட்டார். பெருந்துறைப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறதாம். அண்ணனோடு வேலை செய்கிறவரின் அம்மா அங்கே இருக்கிறாராம். படுக்கையில் கிடப்பவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம். அத்தை தைப்பூசத்துக்குப் பழனி நடக்க வேண்டும். அதற்குப் பிறகு காங்கேயத்தில் அவர் வீடும் இருக்கிறது. அப்பாவுக்குத் தறியில் பன்னிரண்டு மணி நேரம். அம்மாவை நான் ஒருத்தியே புரட்டிப் படுக்கவைக்க முடியாது. இடுப்பில் புண் வர ஆரம்பித்திருக்கிறது. எல்லாம் உண்மைதான்.

அப்பா கடைசியில் இப்படிச் சொன்னார்: "அவளுக்கு நம்மளத் தெரிஞ்சா நான் எங்கயும் அனுப்ப மாட்டன், லோகு. குப்பையோ கூளமோ இங்கயே கெடக்கட்டும். தெரியலீன்னா அப்புறம் எங்க இருந்தா என்ன." அடுத்த ஞாயிறு அம்மாவின் அண்ணன், சென்னியப்ப மாமாவையும் வரச்சொல்லி, அவர் முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று பேசினார்கள். பிறந்தவன் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாதாம்.

அம்மாவுக்குத் தெரியும். நான் போனால் வாய் திறக்கிறாள். என்னிடம் மட்டும் இளநீர் குடிக்கிறாள். இதைச் சொன்னேன். மனதுக்குள் சொன்னதுபோல் கேட்டிருக்கும். "பசிச்சா யாரு போனாலும் வாயத் தொறக்கறதுதான் அம்மிணி" என்றார் அத்தை.

ஜனவரி 20, செவ்வாய்

ரேஷனுக்குப் போனேன். பருப்பு வரவில்லை.

ஜனவரி 22, வியாழன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் அத்தை படுத்திருந்தார். நான் அம்மாவுக்கு மருந்து தடவிவிட்டு எழுந்தபோது அம்மா சடையைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தால் வலித்தது. சரி என்று கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தேன். ஆடி மாதத்துக்குப் பிறகு அம்மாவோடு படுத்ததில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே தலையைத் திருப்பி மேலே பார்த்தேன்.

செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் கரி பூசியதுபோல் இருந்தது. கூந்தல் சாம்பலாய் வெளுத்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழி. பேசப் பேசக் கறுப்புப் பல் தெரிந்து தெரிந்து மறைந்தது. அம்மாவின் தலையை எடுத்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. ஆனால் அது அசைந்தது, பேசியது.

டிவி கெட்டுவிட்டது என்று எழுந்தேன். எழுந்து நின்று பார்த்தால் அதே பெண் பச்சைச் சேலையில் அழகாக இருந்தாள். படுத்தேன். கறுப்பு. எழுந்தேன். பச்சைச் சேலை. நாலைந்து தரம் அப்படிச் செய்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைசியாகப் படுத்தபோது 'தா' என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

பொங்கலிலிருந்து அம்மா இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். அண்ணன் முகத்தையும் இப்படித்தான் பார்த்திருப்பாள்.

அப்போது அம்மா கையைத் தூக்கி எதிர்ச்சுவரைக் காட்டினாள். கீழே நான்கு துருத் தடம். பீரோ இருந்த இடம்.

ஜனவரி 23, வெள்ளி

பீரோவை என்னால் தனியாக அசைக்கக்கூட முடியவில்லை. சமையலறையில் இருக்கும் தலை சீவும் கண்ணாடியை எடுத்து வந்தேன். அந்தச் சுவரில் ஆணி நிற்காது என்பதால் நானே சுவரோரம் நின்று நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். முனகல் நின்றது.

இடது கையால் அம்மாவே காட்டினாள். கொஞ்சம் மேலே. கொஞ்சம் சாய்த்து. நான் எட்டிப் பார்த்துச் சரிசெய்தேன். டிவி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், அம்மா சிரித்தாள். ஆனால் அதோடு நிறுத்தாமல் இன்னும் இந்தப் பக்கம், இன்னும் இந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு திருப்பினால் டிவி எப்படித் தெரியும். அம்மாவின் தலைமாட்டுக்குப் பின்னால் இருக்கும் சமையலறை வாசல்தான் தெரியும். பாவம், அம்மாவுக்குக் காட்டத் தெரியவில்லை. நான் மறுபடி டிவிக்கே திருப்பினேன்.

கை கடுத்துப்போனது. ஆனாலும் நாடகம் முடியும்வரை நின்றேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அப்பா தலையெல்லாம் தறிப்பஞ்சோடு வந்து, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். காபி கொடுத்துவிட்டு, "அம்மா படுத்திருக்கற எடத்துலிருந்து டிவி நல்லாத் தெரியறதில்லீங்கப்பா" என்றேன்.

அப்பா டிவியைப் பார்த்தார். "பளிச்சுன்னு தெரியுதே கண்ணு."

"இங்கிருந்து தெரியுதுங்க. அங்கிருந்து..."

"அங்கயும் இங்கயும் ஒரே டிவிதான." அலுப்பாகச் சொன்னார். கோபமாக இல்லை.

நீங்கள் கட்டிலில் படுத்துப் பாருங்கள் என்று சொன்னால் போதும். அதுதான் வாயில் வரவில்லை. அம்மாவின் படுக்கையில் படுங்கள் என்று அப்பாவிடம் ஒரு பெண் எப்படிச் சொல்வது. பக்கத்தில் அத்தை வேறு இருந்தார். "அத்தை போன்ல அண்ணனைக் கூப்பிட்டு அம்மாவுக்குப் பக்கத்துல காட்டலாமுங்களா?" என்று மாற்றிக் கேட்டேன்.

"ஆளொசரத்துக்குப் பெருசாக் காட்டறப்பவே தெரியாதவளுக்கு இந்தக் கையகலப் போன்லயா தெரியப்போவுது?" என்றார் அத்தை. அப்பாவும் தலையாட்டினார்.

"உனக்கு அம்மாவ அனுப்பறதுக்கு மனசில்ல. எனக்கு மட்டும் இருக்குதா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையிலேயே சென்னியப்ப மாமா பவானியிலிருந்து வந்துவிட்டார். அம்மாவுக்குத் தேன்மிட்டாய் வாங்கி வந்திருந்தார். சின்ன வயதில் அம்மாவுக்குப் பிடிக்குமாம். வாயில் வைத்தார். வலது பக்கமாக ஒழுகிவிட்டது. மாமா துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் துடைத்தேன்.

அண்ணன் பேசும் நேரம் வந்தது. நான் முன்கூட்டியே கண்ணாடியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். கையை லேசாகத் தூக்கினாள்.

சபரி அண்ணன்தான் முதலில் பார்த்தார். "இதென்னங்க, போட்டோ ஸ்டுடியோவா? தாரணி கண்ணாடியும் கையுமா நிக்குது."

எல்லாரும் திரும்பினார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"மில்லுக்கு ஆள் எடுக்கறவங்க திங்கக்கெழமை பாக்க வர்றாங்கன்னு சொன்னனில்ல, அதுக்கு இப்பவே சிங்காரிக்கறா" என்றார் அத்தை. "ஏம்புள்ள, மாமன் வந்திருக்கறான், அண்ணன் பேசப்போறான். பவுடர் பூச இதுதான் நேரமா? கொண்டுபோய் வெய்யி."

கையிலிருந்து கண்ணாடியை வாங்கி அவரே உள்ளே கொண்டுபோனார். நான் விட்டுவிட்டேன். இறுக்கிப் பிடித்திருக்கலாம்.

அண்ணன் வந்தான். நான் நின்ற இடத்திலிருந்து அவன் முகம் கன்னத்துப் பரு தெரியுமளவுக்குத் தெளிவாக இருந்தது. அப்பா அம்மாவின் தலையைக் கையில் ஏந்தி மேலே திருப்பினார். "வசந்தா, இங்க பாரு. உன்ற பையன் பாரு. லோகு."

"அம்மா, நான் லோகும்மா. என்னையப் பாரும்மா."

அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு அலறினாள். தலையை உதறி அப்பாவின் கையை அடித்தாள். கை மாமாவின் மேலும் பட்டது. எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றதால் சுவர்கூட அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அப்படியும் விரல் அந்தப் பக்கமே நீண்டது.

நான் வாயைத் திறந்தேன். "பீரோ" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"பீரோ சாவி எங்கயும் போவுல, என்ற இடுப்புலதான் இருக்குது. நீ போய் அவ வாயத் தொடை" என்றார் அத்தை.

"போதும், உட்ருங்கப்பா" என்றான் அண்ணன். "என்னையப் பாத்துப் பயப்படுது. என்ற அம்மா என்னையப் பாத்துப் பயப்படுது." டிவி நீலமாகிவிட்டது.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொறந்தவன்னு ஒரு வார்த்தை கேக்கறீங்க மாப்ள. நான் என்னத்தைச் சொல்றது. அனுப்பி வெச்சிருங்க."

மாமாவை பஸ் ஏற்றிவிட நான் போனேன். போகும் வழியில் பாலம்வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நிறுத்தத்தில் நின்றதும் சொல்லிவிட்டேன். "மாமா, அம்மாவுக்கு எல்லாந் தெரியுதுங்க. டிவி கீழேருந்து பாத்தாக் கறுப்பாத் தெரியுது. கண்ணெல்லாம் வெள்ளையாத் தெரியுதுங்க. அதான் பயப்படுது." நான் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

மாமா என் தலையில் கை வைத்தார். "தெரியும் அம்மிணி. எல்லாம் அந்தச் சாமிக்குத் தெரியும்." பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கிக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "நல்லாப் படி" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது மாமாவுக்குத் தெரியாது. அல்லது மறந்துவிட்டார்.

ஜனவரி 26, திங்கள்

பள்ளிக்கூட ஸ்பீக்கர் சத்தம் இங்கேவரை கேட்டது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்திருப்பார்கள். மில்லுக்காரர்கள் வரவில்லை. அடுத்த திங்கள்தான் என்றார்கள். ஹாஸ்டலில் தங்கித்தான் வேலை செய்ய வேண்டுமாம்.

ஜனவரி 27, செவ்வாய்

யாரும் இல்லாத நேரம் பார்த்து டிவியை நிறுத்திவைத்தேன். அம்மா தூங்கினாள். அத்தை வந்து, "இருக்கற ரெண்டு நாளைக்காவது அது காதுல ஏதாச்சும் விழட்டும்" என்று போட்டார்.

ஜனவரி 29, வியாழன்

இல்லத்து வேன் காலையில் வந்தது. அம்மாவுக்கு நீலச் சேலை கட்டி, தலை சீவி, பூ வைத்துவிட்டேன். பையில் நைட்டி, துண்டு, மாத்திரை எல்லாம் வைத்து, துண்டுக்கு நடுவே தலை சீவும் கண்ணாடியையும் வைத்தேன். வேனில் வந்த அக்கா பையைப் பிரித்துப் பார்த்து அதை மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "கண்ணாடிச் சாமானம் வெச்சுக்கக் கூடாது பாப்பா. ஒடஞ்சு யாராச்சும் கிழிச்சுக்குவாங்க." நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"அங்க டிவி இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"பெரிய ஹாலு, பெரிய டிவி. எல்லாருக்கும் தெரியற மாதிரி நல்லா ஒசரத்துல மாட்டியிருக்குது. கவலைப்படாத" என்றார்.

அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். அம்மாவைத் தூக்கி வேனில் படுக்கவைத்தார். வைத்துவிட்டு நிமிரும்போது அம்மாவின் இடது கை மேலே வந்தது. அடிக்கப்போகிறாள் என்று அத்தை பிடிக்கப் போனார். அம்மா அப்பாவின் காதோரம் ஒட்டியிருந்த தறிப்பஞ்சை எடுத்தாள். நன்றாக இருந்த காலத்தில் அப்பா வேலைவிட்டு வந்ததும் வாசலில் நிறுத்தி எடுப்பாளே, அப்படி. இரண்டு விரலில் உருட்டிக் கீழே போட்டாள்.

அப்பா கவனிக்கவில்லை. வேன் போன பிறகும் அங்கேயே நின்று காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

பழகும்வரை ஒரு மாதத்துக்கு யாரும் வந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஜனவரி 30, வெள்ளி

அத்தை கிளம்பிவிட்டார். பழனிக்கு நடக்கிறவர்கள் காங்கேயத்தில் காத்திருக்கிறார்களாம். போவதற்கு முன் சபரி அண்ணனைக் கூப்பிட்டுப் பீரோவை முன்னறைக்குத் தள்ளவைத்தார். "வயசுப் புள்ள இருட்டறைல தலை சீவிக்கிட்டிருக்குது. திங்கக்கெழம மில்லுக்காரங்க வர்றப்ப மொகலட்சணமா இருக்க வேண்டாமா?" நான்கு காலும் அதே நான்கு துருத் தடத்தில் சரியாக உட்கார்ந்தன.

சாவியை என் கையில் கொடுத்து, "நான் பொல்லாதவ இல்ல சாமி" என்றார் அத்தை. நான் ஒன்றும் சொல்லவில்லையே. அத்தையும் அம்மாவுக்குக் கழுவித் துடைத்தவர்தான்.

ஜனவரி 31, சனி

கட்டிலுக்கு அடியில் கூட்டினேன். தேன்மிட்டாய்த் தாள் ஒன்று கிடந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். தறி ஓடவில்லை. ஊரே காது அடைத்ததுபோல் இருந்தது. பீரோ நடுங்காமல் நின்றது.

சாயங்காலம் அப்பா முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார். அப்புறம் படுத்தார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார்.

உடனே எழுந்து உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். ரிமோட்டில் எதையெதையோ அழுத்தினார். மறுபடி படுத்தார். அன்றைக்கு நான் செய்ததுபோலவே. பழனி மலையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காவடி எடுத்த ஜனங்கள் எல்லாம் அங்கிருந்து எப்படித் தெரிவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"தாரணி." மேலே பார்த்தபடியே கூப்பிட்டார். "இது எப்ப இருந்து இப்படித் தெரியுது?"

"மொதல்லேருந்துங்கப்பா."

அப்பா கையை ஊன்றி மெதுவாக இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், அம்மா படுப்பதுபோல. பீரோக் கண்ணாடிக்கு நேராக முகம். அசையவே இல்லை. டிவியில் மேளச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. கை தூக்கிக் காதோரத்தைத் தடவினார்.

"பெருந்துறைக்கு மொதோ பஸ்சு எத்தனை மணிக்குன்னு தெரியுமா கண்ணு?"

"தெரியலீங்கப்பா."

"ஒரு மாசம் வர வேண்டாம்னாங்க." அவருக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது. "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தனே."

நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போவதா, அப்பாவிடம் போவதா என்று தெரியவில்லை.

அப்போது அப்பா, திரும்பாமலே, பீரோவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பின்னால பால் பொங்குது பாரு கண்ணு."

திரும்பினேன். பால் விளிம்புவரை வந்திருந்தது. அடுப்பை அணைத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதற்குப் பிறகுதான் யோசித்தேன். சமையலறை அப்பாவுக்குத் தலைமாட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

திரும்பி வந்து வாசலில் நின்று பீரோவைப் பார்த்தேன். கண்ணாடியில் அப்பாவின் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் அடுப்பு, பால் சட்டி, நான் வெங்காயம் உரிக்கும் ஜன்னலோரம் எல்லாம் அதில் தெரிந்தது.

பால் பொங்கியபோது அம்மா கத்திய ஜனவரி ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். 'ஒன்றும் இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.